டச்சு பழகுவோம்: போக இருந்தேன், போகவில்லை

இம்முறை ஒரேயொரு சின்னச் சொல்தான்: ‘ஸௌ’. அதைத் தெரியாமல் நான் பட்ட பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அக்கா குடும்பம் அமெரிக்காவில், ஹூஸ்ரன் நகரில். ஹில்குரொவ்ற் வீதிப் பக்கம், 2010இல் மகாத்மா காந்தி மாவட்டம் என்று பெயர் சூட்டினார்களே, சேலைக் கடையும் நகைக் கடையும் நிறைந்த இடம், அதற்குக் கிட்டத்தான் வீடு. மருமகளின் சாமத்தியச் சடங்குக்குத் தாய்மாமன் நான்தான் தண்ணீர் வார்க்க வேண்டும். ரிக்கற்றும் எடுத்தாயிற்று. அந்தக் கிழமை பார்த்துத் தொழிற்சாலையில் பெட்டி தூக்கி இடுப்புப் பிடித்துக்கொண்டது. இரண்டு கிழமை சுகயீன லீவில் கட்டிலோடு கிடந்தேன். அக்கா அழுதழுது சடங்கை முடித்தா.

திரும்ப வேலைக்குப் போனதும் பொறுப்பாளர் சுகம் விசாரித்தார். ‘போக இருந்தனான்’ என்று சொல்வதாக நினைத்து, ‘இக் ஹிங் நார் ஹூஸ்ரன்’ என்றேன். ‘ஹிங்’ என்றால் போனேன்! சுகமில்லை என்று சம்பளமும் எடுத்துக்கொண்டு அமெரிக்கா சுற்றி வந்தவன் ஆகிவிட்டேன். அடுத்த நாள் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். முத்திரை விழாத கடவுச்சீட்டையும் பாவிக்காத ரிக்கற்றையும் காட்டித்தான் வேலையைக் காப்பாற்றினேன்.

சொல்லியிருக்க வேண்டியது இது: ‘இக் ஸௌ நார் ஹூஸ்ரன் ஹான், மார் ஹெற் ஹிங் நீற் டோர்.’ போக இருந்தேன், ஆனால் சரிவரவில்லை. (தொண்டையைக் காறிச் சொல்லும் எழுத்தையும் இங்கே ‘ஹ’ என்றே எழுதுகிறேன், பொறுத்தருள்க.) ‘ஸௌ’ இரண்டாவது இடத்தில் நிற்கும். ‘ஹான்’ உருமாறாமல் கடைசிக்குப் போய்விடும். பலர் என்றால் ‘ஸௌடன்’: ‘வெய் ஸௌடன் கோமன்’, நாங்கள் வர இருந்தோம். பின்பாதியில் என்னைக் கவிழ்த்த அதே ‘ஹிங்’ திரும்ப வருகிறது பாருங்கள்; ‘டோர்’ சேர்ந்தால் அதற்கு ‘நடந்தேறியது’ என்று பொருள். ‘மார்’ பகுதியை விழுங்கிவிடாதீர்கள். அதுதான் காரியம் நடக்கவில்லை என்று காட்டுவது.

ஒருவருக்கு ரெலிபோன் எடுக்க நினைத்து எடுக்காமல் விட்டால், ‘இக் ஹட் யெ வில்லன் பெல்லன்’. இதில் ‘ஹெவில்ட்’ போட வேண்டாம். நான் போட்டுச் சிரிப்பு வாங்கியிருக்கிறேன்.

இன்னொரு பொறியும் உண்டு. ‘ஹெய் ஸௌ இன் ஹூஸ்ரன் வோனன்’ என்றால் அவர் ஹூஸ்ரனில் இருக்கிறாராம். நமது ‘ஆம்’ அப்படியே! பத்திரிகைச் செய்தியில் ‘ஸௌ’ கண்டால் முதலில் ‘ஆம்’ போட்டு வாசித்துப் பாருங்கள், பாதி இடங்களில் பொருந்தும்.

‘போயிருப்பேன்’ என்பது வேறு கதை. அடுத்த இதழில்.

பயிற்சி: ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது எந்த நாட்டுக்குப் போக இருந்தீர்கள்? ‘ஸௌ’ போட்டு ஒரு வரி எழுதுங்கள். என்னுடைய வரி: ‘இக் ஸௌ நார் கனடா ஹான்.’