எழுத்தைத் திருத்தியவர் கட்டிய கோவில்

கொள்ளிடம் ஆற்றின் வடகரையில் ஒரு சிறிய கிராமம். பெயர் ஏலாக்குறிச்சி. அரியலூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. தஞ்சையிலிருந்து அரியலூர் போகிறவர்கள், கொள்ளிடம் பாலத்தைத் தாண்டித் திருமானூரில் இறங்க வேண்டும். அங்கிருந்து கிளைச் சாலை. அந்த ஊரில் இருக்கிறது, அடைக்கல மாதா கோவில்.

வேண்டுதல் உள்ளவர்கள் அங்கே போகிறார்கள். கிறிஸ்தவர்கள் மட்டும் அல்ல, மற்ற மதத்தாரும் போகிறார்கள். ஆனால், அந்த ஊர்ப் பக்கம் தலை வைத்துப் படுக்காதவர்கள்கூட அந்தக் கோவிலைக் கட்டியவரின் உழைப்பை நாள்தோறும் அனுபவித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். இந்த வரியைப் படிக்கும் நீங்களும்தான்!

அவர் யார்?

இத்தாலி நாட்டுக்காரர். 1680-ல் பிறந்தார். பெயர் கான்ஸ்டன்சோ பெஸ்கி. இயேசு சபைத் துறவியாகி, 1710-ல் கப்பலில் கோவாவுக்கு வந்து சேர்ந்தார். பிறகு மதுரைச் சீமைக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது முப்பது. தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது.

சுப்பிரதீபக் கவிராயர் என்ற புலவரிடம் பாடம் கேட்டார். காவி உடுத்தினார். மாமிசத்தை விட்டார். தம் பெயரைத் தைரியநாதர் என்று தமிழாக்கிக்கொண்டார். அவரைத்தான் பின்னர் தமிழ் உலகம் வீரமாமுனிவர் என்று அழைத்தது.

அந்தக் காலத்தில் அரியலூரை ஆண்டவர்கள் மழவராயர்கள். மழவராயர் ஒருவருக்கு ராஜபிளவை வந்ததாம். வைத்தியர்கள் கைவிட்டார்களாம். முனிவர் பச்சிலை வைத்துக் குணப்படுத்தினாராம். அதற்கு நன்றியாகக் கோவிலுக்கு நிலம் கிடைத்தது என்பது ஊரில் வழங்கும் கதை.

ஏலாக்குறிச்சிக்கு முனிவர் வைத்த பெயர் திருக்காவலூர். தம்மிடம் வந்தவர்களை மாதா காக்கும் ஊர் என்று பொருள். அந்த ஊர் மீது 'திருக்காவலூர்க் கலம்பகம்' என்ற நூலையும் பாடினார். கலம்பகம் என்பது தமிழ்ப் புலவர்கள் கையாளும் பழைய பாட்டு வகை. வெளிநாட்டில் பிறந்தவர் அதில் கை வைத்தார் என்றால், அது சாதாரணத் துணிச்சல் அல்ல!

ஏரியா, எரியா?

எழுத்துக் கதைக்கு வருவோம். அன்று எழுதியது பனை ஓலையில். எழுதுகோல் இரும்பு எழுத்தாணி.

'எ' என்ற குறிலுக்கும் 'ஒ' என்ற குறிலுக்கும் தலையில் புள்ளி வைக்க வேண்டும், நெடிலுக்குப் புள்ளி கூடாது என்பது பழைய இலக்கணம். ஆனால் எழுத்தாணியால் புள்ளி வைத்தால் ஓலை பொத்துக்கொள்ளும். ஆகவே, எழுதுகிறவர்கள் புள்ளியையே விட்டுவிட்டார்கள். விளைவு? குறிலும் நெடிலும் ஒரே மாதிரி ஆகிவிட்டன.

'ஏரி' என்று எழுதினாலும் 'எரி' என்று எழுதினாலும் ஓலையில் ஒரே வடிவம். 'கொடி'யும் 'கோடி'யும் அப்படியே. கற்ற புலவர் இடம் பார்த்துப் புரிந்துகொள்வார். புதிதாக எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர் என்ன செய்வார்? திண்டாட வேண்டியதுதான்!

அயல்நாட்டிலிருந்து வந்து, தாமே அப்படிக் கூட்டிப் படித்த முனிவருக்கு அந்தத் திண்டாட்டம் தெரியும். 'எ'யின் காலைக் கீழே இழுத்தார். 'ஏ' பிறந்தது. 'ஒ'வின் அடியைச் சுழித்தார். 'ஓ' பிறந்தது. 'கெ' என்பதில் உள்ள கொம்பின் மேலே இன்னொரு சுழி போட்டார். 'கே' பிறந்தது. புள்ளியும் வேண்டாம், ஓலையும் கிழியாது! இந்தச் சீர்திருத்தத்தை நாடு உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. மெல்ல மெல்லத்தான் பரவியது.

அகராதியும் அவ்வாறே. அதற்கு முன் சொற்களுக்குப் பொருள் தந்தவை நிகண்டுகள். அவை செய்யுளாக இருக்கும். மனப்பாடம் செய்தவருக்கே பயன்படும். முனிவர் 1732-ல் 'சதுரகராதி' செய்தார். சொற்களை அகர வரிசையில் அடுக்கினார். எழுத்து வரிசை தெரிந்த எவரும் தேடி எடுக்கலாம். 1726-ல் முடித்த 'தேம்பாவணி' காவியத்தில் 3,615 பாட்டு. அதைப் புலவர்கள் போற்றுகிறார்கள், போற்றட்டும். பாமர மக்களுக்கு அவர் செய்த பெரிய உபகாரம் இந்தச் சுழியும் இந்த வரிசையும்தான்.

பள்ளிக்கூடங்கள் போக வேண்டும்

1747-ல் முனிவர் மறைந்தார். 1968-ல் சென்னையில் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது கடற்கரையில் அவருக்குச் சிலை வைத்தார்கள். நல்ல காரியம். ஆனால் அவர் வாழ்ந்ததும், பாடியதும், மாதாவுக்குக் கோவில் எழுப்பியதும் கடற்கரையில் அல்ல. கொள்ளிடக் கரைக் கிராமத்தில்.

'அது ஒரு மதத்தாரின் கோவில், நமக்கு என்ன?' என்று கேட்பவர்கள் உண்டு. மாதாவை வணங்குவது அவரவர் விருப்பம். ஆனால் 'ஏ'யும் 'ஓ'வும் எந்த மதத்துக்குச் சொந்தம்? தஞ்சைக்குப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப்போகும் ஆசிரியர்கள், பெரிய கோவிலைக் காட்டிய பிறகு, ஆற்றைத் தாண்டி இந்த ஊருக்கும் அழைத்துப்போகலாம். முதியோருக்கு எழுத்துச் சொல்லித் தருகிறவர்களும் ஒரு நாள் அழைத்துப்போகலாம்.

அங்கே முதல் பாடத்துக்குப் புத்தகம்கூடத் தேவை இல்லை. ஊர்ப் பெயர்ப் பலகையின் முதல் எழுத்தே 'ஏ'தான்!