இரவில் அழும் பிள்ளையின் கால்

பகல் முழுவதும் கிண்டர்கார்ட்டனில் ஓடி விளையாடிய பிள்ளை, நள்ளிரவில் விழித்தெழுந்து காலைப் பிடித்துக்கொண்டு அழுகின்றது. அகதிகள் விடுதியின் மெல்லிய சுவருக்கு அப்பால் இன்னொரு குடும்பம் உறங்குகின்றது. விடியுமுன் வேலைக்குப் புறப்படவேண்டிய தந்தை புரண்டு படுக்கின்றார். இந்நிலையில் தாயின் வாயிலிருந்து வரும் முதற் சொல் பெரும்பாலும் “எங்கே நோகின்றது?” என்பதாக இருப்பதில்லை, “சத்தம் போடாதே” என்பதாகவே இருக்கின்றது. இதற்காக எந்தத் தாயையும் நாம் குறைகூற வரவில்லை. அயலாரின் முறைப்பாட்டுக்கும் விடுதிப் பொறுப்பாளரின் கடிதத்துக்கும் அஞ்சி வாழ்வோரின் இயல்பு அது. ஆயினும் காலையில் அதே பிள்ளை துள்ளியோடுவதைக் கண்டு, இரவு அழுதது வெறும் பிடிவாதம் என்று முடிவுசெய்துவிடுகின்றோமே, அதுதான் தவறு. அவ்வலி உண்மையானது.

ஜேர்மானிய வைத்தியர்கள் இதனை ‘வக்ஸ்டும்ஸ்ஷ்மேர்ற்சன்’ என்பர். வளர்ச்சி வலி என்பது பொருள். 1823இல் மார்செல் டுஷாம்ப் என்ற பிரெஞ்சு மருத்துவர் வளர்ச்சியோடு இவ்வலியைத் தொடர்புபடுத்தி எழுதியதிலிருந்து இப்பெயர் நிலைத்துவிட்டது. பெயர் பொருத்தமானதன்று. குழந்தை மிக விரைவாக வளர்வது முதலாவது வயதில். இவ்வலியோ ஏறத்தாழ மூன்று வயது முதல் பன்னிரண்டு வயது வரையான பிள்ளைகளிடம் காணப்படுவது. எலும்பு நீள்வதால் வலியெடுக்கின்றது என்பதற்குச் சான்று கிடைத்திலது. அதிகம் ஓடியாடிய நாளின் இரவில் வலி மிகுவதைப் பெற்றோர் பலர் கவனித்திருப்பர். காரணம் இன்றுவரை முற்றாகத் தெளிவாகவில்லை. ஆனால் அதன் போக்கு நன்கு தெரியும். இரு கால்களிலும் வரும். தொடையின் முன்புறம், கெண்டைக்கால், முழங்காலின் பின்புறம் ஆகிய இடங்களில் வரும். மாலையிலோ இரவிலோ வரும். காலையில் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். வீக்கமோ நொண்டலோ காய்ச்சலோ இராது.

கெண்டைக்கால் பிடிப்பு இதனின்று வேறானது. பிடிப்பின்போது தசை கல்லுப்போல் திரண்டு நிற்பதைக் கையால் உணரலாம். அப்போது முழங்காலை நீட்டிப் பிடித்து, பாதத்தின் முன்பகுதியை முகத்தை நோக்கி மெதுவாக வளைத்தால் தசை இளகும். வளர்ச்சி வலியில் தசை இறுகுவதில்லை. கையால் அழுத்தித் தடவினால் பிள்ளை ஆறுதலடைகின்றது. “இன்னும் தடவு” என்றுங் கேட்கின்றது. தடவுவதை விரும்பும் பிள்ளைக்கும், தொட்டாலே கத்தும் பிள்ளைக்கும் உள்ள வேறுபாட்டை வைத்தியர்களும் கவனிக்கின்றார்கள்.

நமது பாட்டிமார் இளஞ்சூடான நல்லெண்ணெய் தொட்டுக் காலைத் தடவிவிட்டது வெறும் பழக்கமன்று. தடவலும் இளஞ்சூடுமே இன்றும் முதற் பரிகாரங்கள். இந்நாட்டவர் செர்ரி விதைகளை நிரப்பிய சிறு தலையணையைச் சூடாக்கிப் பிள்ளையின் காலில் வைப்பர். துணி சுற்றிய சுடுநீர்ப் பையும் அதே வேலையைச் செய்யும். சூட்டை முதலில் உங்கள் கையில் வைத்துப் பாருங்கள். படுக்கைக்குப் போகுமுன் தொடை, கெண்டைக்கால் தசைகளை நீட்டும் எளிய பயிற்சியைப் பெற்றோரே செய்வித்தால் வலி விரைவில் குறைகின்றது என்பதை 1988இல் வெளியான ஒரு கனடிய ஆய்வு எடுத்துக்காட்டியது. வலி கடுமையாயின் பரசிற்றமோல் கொடுக்கலாம்; அளவைப் பிள்ளையின் எடையைக் கொண்டே தீர்மானித்தல் வேண்டும். அஸ்பிரின் கொடுக்கலாகாது, மூளையையும் ஈரலையும் தாக்கும் அரிய நோயொன்று அதனால் வரலாம். ஊரிலிருந்து வருவோரிடம் சொல்லியனுப்பிப் பெறும் கோடாலித் தைலம் போன்றவற்றையும் சிறு குழந்தைகளுக்குப் பூசவேண்டாம். கற்பூரமும் மென்தோலும் பெரியவருக்கு இதம். குழந்தையின் மூச்சுக்கு ஆபத்து.

இனி, வளர்ச்சி வலி என்று சொல்லி ஒதுக்கிவிடக் கூடாதவை. எப்போதும் ஒரே காலில், ஒரே இடத்தில் வரும் வலி, பகலிலும் நீடிக்கும் வலி, நொண்டி நடத்தல், மூட்டு வீங்குதல், சிவத்தல், காலையில் மூட்டு விறைத்திருத்தல், காய்ச்சல், உடல் மெலிதல், வெளிறிப்போதல், அடிபடாமலே நீலத் தழும்புகள் தோன்றுதல். இவற்றில் ஒன்று இருந்தாலும் நாட் கடத்தாமல் குழந்தை வைத்தியரிடம் செல்லுங்கள். மூட்டு வாதமும், எலும்பில் கிருமித்தொற்றும், அரிதாக இரத்தப் புற்றுநோயும் கால் வலியாகத் தொடங்குவதுண்டு. அச்சமூட்டுவதற்காக இதை எழுதவில்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இவை எதுவும் இராது. ஒருமுறை வைத்தியர் பார்த்து அப்படிச் சொன்னால்தான் வீட்டிலும் நிம்மதி உண்டாகும்.

நம்மவருக்கென்றே தனியாகச் சொல்லவேண்டிய விடயம் ஒன்று உண்டு. யாழ்ப்பாணம் நிலநடுக்கோட்டிலிருந்து பத்துப் பாகைக்கும் குறைந்த தொலைவில் இருப்பது. ஜேர்மனியோ 47ஆம் பாகைக்கும் 55ஆம் பாகைக்கும் இடையில் கிடப்பது. ஒக்ரோபர் முதல் மார்ச் வரை இங்கு வெயில் அடித்தாலும், தோலில் விற்றமின் ‘டி’ உண்டாவதற்கு அது போதாது. கோடையிலும் நமது கருநிறத் தோலுக்கு வெள்ளைத் தோலைவிட அதிக நேரம் வெயில் வேண்டும். இவ்விற்றமின் மிகவும் குறைந்தால் எலும்பு நோகும், தசை தளரும், சிறு குழந்தைகளின் கால்கள் வளையும்.

இது ஏதோ ஏழை நாடுகளின் நோய் என்று இங்குள்ளோர் எவரும் இளக்காரம் பேச இடமில்லை. முதலாம் உலகப்போரின் பின் பேர்லின் நகரத்துப் பிள்ளைகளே வளைந்த கால்களோடு கிடந்தனர். குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற குழந்தை வைத்தியர் அவர்களைப் பாதரச விளக்கின் ஒளியிற் கிடத்திக் குணப்படுத்தி, அதனை 1919இல் எழுதி வெளியிட்டார். ஒரு கையில் மட்டும் ஒளிபட்ட பிள்ளையின் மறு கையெலும்பும் தேறியதை எக்ஸ்றேப் படத்தில் அவர் கண்டார். ஒளியால் உண்டாகும் ஏதோவொன்று உடலெங்கும் பரவுகின்றது என்பது அதனால் தெளிவாயிற்று. விற்றமின் ‘டி’ பற்றிய ஆராய்ச்சிக்காகக் கோட்டிங்கன் பேராசிரியர் அடோல்ஃப் வின்டவுஸ் 1928இல் நோபல் பரிசு பெற்றார். ஹுல்ட்ஷின்ஸ்கியோ யூதராகப் பிறந்ததனால் நாஜிகளின் காலத்தில் எகிப்துக்குப் புலம்பெயர நேர்ந்தது. 1940இல் அங்கேயே மறைந்தார். பேர்லின் பிள்ளைகளின் காலை நிமிர்த்தியவரும் இறுதியில் ஓர் அகதியே.

எனினும், எல்லாக் கால் வலிக்கும் விற்றமின் குறைவே காரணம் என்று நிறுவப்படவில்லை. ஆகவே கடையில் விற்கும் கடும் அளவுத் துளிகளை வாங்கி, ‘மிஞ்சினால் என்ன’ என்று ஊற்றவேண்டாம். மிஞ்சினால் சிறுநீரகம் கெடும். கைக்குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு 400 முதல் 500 அலகுகள் கொடுப்பது இந்நாட்டு வழக்கம். மூத்த பிள்ளைக்குத் தேவையா என்பதை வைத்தியரே சொல்லட்டும். இரும்புச் சத்தையும் பார்க்கும்படி கேளுங்கள். அது குறைந்தாலும் இரவிற் கால் அமைதியின்றித் துடிக்கும்.

வைத்தியரிடம் போவதுதானே பலருக்கும் இடர். 1993 நவம்பர் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த புகலிடம் கோருவோர் உதவிச் சட்டத்தின் நான்காம் பிரிவு, திடீர் நோய்களுக்கும் வலிகளுக்கும் சிகிச்சை உண்டு என்கின்றது. சட்டத்தின் வாசகத்திலேயே வலி இருக்கின்றது; ஆகவே பிள்ளையின் இரவு வலிக்கு மருத்துவச் சீட்டுக் கேட்பது பிச்சை கேட்பதன்று. நோய்த்தடுப்பு ஊசிகளும், மஞ்சட் புத்தகத்தில் பதியப்படும் குழந்தைப் பரிசோதனைகளும் அதே பிரிவில் அடங்குவன. பிள்ளைகளின் சிறப்புத் தேவைகளுக்கு ஆறாம் பிரிவு வழிவிடுகின்றது. ஆனால் மேசைக்கு அப்பால் இருக்கும் அலுவலர், மருத்துவம் படியாதவர், எது அவசரம் என்று தீர்மானிக்கும் முறையை நாம் ஏற்கமுடியாது. சில மாநிலங்கள் சீட்டுக்குப் பதிலாக மருத்துவ அட்டையையே வழங்கியுள்ளன. பிறேமன் 2005இலேயே இதைத் தொடங்கிவைத்தது. அங்கு முடிந்தது மற்ற இடங்களில் ஏன் முடியாது? 2024 பெப்ரவரித் திருத்தம் இச்சுருங்கிய உதவியின் காலத்தை 18 மாதங்களிலிருந்து 36 மாதங்களாக நீட்டியது. மூன்று வயதில் வந்த பிள்ளைக்கு அது ஆறு வயது வரையான காலம்.

மொழி தெரியாதென்று மூத்த பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக அழைத்துச் செல்வதையும் நாம் விரும்பவில்லை. தம்பியின் நோயைப் பற்றிய பாரத்தைப் பத்து வயதுச் சிறுமியின் தலையில் வைப்பது நியாயமன்று. ஜேர்மன் மொழி தெரிந்த பெரியவர்கள் ஒவ்வொரு நகரிலும் இன்று நம்மிடையே இருக்கின்றார்கள்; அவர்களைக் கேளுங்கள், அவர்களும் மறுக்காமல் வரவேண்டும். போகுமுன் இரண்டு வாரங்களுக்கு ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள்: எந்த இரவு, எத்தனை மணிக்கு, எந்தக் கால், எவ்வளவு நேரம், காலையில் எப்படி நடந்தான் என்று. இரவிலோ வார இறுதியிலோ ஐயம் எழுந்தால் 116117 என்ற இலக்கத்தில் கடமை வைத்தியரை அழைக்கலாம். பிள்ளை காய்ச்சலோடு காலை ஊன்ற மறுத்தால் சீட்டுக்காக விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்கே கொண்டுசெல்லுங்கள். அவசர நிலையில் சீட்டைப் பின்னர் பெற்றுக்கொள்ளலாம்.