குடிகாரத் தாத்தாவும் ஒரு நோயாளியே

பாடாங் கோத்தா லாமாவில் உள்ள போர் நினைவுத்தூணை நம்மில் பலர் கடந்து போயிருப்போம். அதன் அடியில் பதித்திருக்கும் பலகைகள் நினைவுகூரும் போர்களோடு சயாம் மரண இரயிலும் இடம்பெற்றிருக்கிறது. 1942-43இல் ஜப்பானியர் அமைத்த அந்த 415 கிலோமீட்டர் பாதைக்கு நம் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் கொண்டு செல்லப்பட்டனர். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் மாண்டவர்களைப் பற்றி இன்று ஓரளவு பேசுகிறோம். உயிரோடு திரும்பியவர்கள் என்ன ஆனார்கள்?

என் அம்மா வளர்ந்த தோட்டத்தில் அப்படி ஒரு தாத்தா இருந்தாராம். இரவில் அலறி எழுவார். பகலில் கள்ளுக்கடையே கதி. தோட்டம் அவருக்கு வைத்த பெயர் 'குடிகாரன்'. அதோடு கதை முடிந்தது.

பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சலை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தனி நோயாகப் பட்டியலிட்டது 1980இல்தான். அந்நாட்டு முன்னாள் படைவீரருக்கான விதிகளின்படி, படைப் பணியால் வந்த ஒரு நோய் இன்னொரு நோய்க்குக் காரணமானால் அதற்கும் இழப்பீடு கோரலாம். போர் தந்த மன உளைச்சலிலிருந்து பிறந்த குடிப்பழக்கத்திற்கும் இது பொருந்தும் என 2001இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தக்க மருத்துவச் சான்று வேண்டும் என்பதே நிபந்தனை.

அங்கே நோயின் விளைவாக ஏற்கப்படுவது இங்கே நம்மவரின் குணக்கேடு ஆகிவிட்டது!

கள்ளுக்கடை போருக்கு முன்பும் தோட்டத்தில் இருந்ததே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். எல்லாக் குடிக்கும் சயாமைக் காரணம் காட்ட முடியாது. எது போரால் வந்தது, எது வரவில்லை என்று பிரித்துப் பார்க்கத்தான் மருத்துவப் பரிசோதனையும் விசாரணையும் இருக்கின்றன. நம் தாத்தாக்களுக்கு அந்த விசாரணையே நடக்கவில்லை. ஜப்பானியரிடம் சிறைப்பட்டிருந்த தன் வீரர்களுக்கு பிரிட்டன் 2000ஆம் ஆண்டில் தலைக்கு 10,000 பவுண்டு அறிவித்தது. அதே பாதையில் மண் சுமந்த தோட்டத் தொழிலாளிக்கு அதில் இடமில்லை. 1967இல் மலேசியாவுடன் செய்த உடன்பாட்டின்படி ஜப்பான் தந்த ஈடு அரசாங்கத்திற்குச் சேர்ந்தது.

காலம் கடந்துவிட்டது, அவர்களுள் மிகப் பெரும்பாலோர் இன்று இல்லை. ஆனால் அவர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள், நண்பர்களே. இந்த விடுமுறையில் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள்: நம் குடும்பத்தில் சயாமுக்குப் போனவர் யார்? திரும்பிய பின் எப்படி உறங்கினார், எப்போது குடிக்கத் தொடங்கினார்? பெயரையும் தோட்டத்தையும் ஆண்டையும் எழுதி வையுங்கள். இழப்பீடு கிடைக்காவிட்டாலும், அந்தப் பழிச்சொல்லையாவது நாம் துடைக்கலாம்.