எவரையும் விட்டுச் செல்லாத விடுமுறை

விடுமுறைக்குக் குடும்பத்தோடு வெளியூர் செல்ல எண்ணும்போது உடை, உணவு, பயணச் செலவு ஆகியவற்றை எல்லாம் நாம் முன்கூட்டியே கணக்கிடுகிறோம். வீட்டில் நாய் வளர்ப்போருக்கோ மற்றொரு கவலையும் உண்டு. அதை யாரிடம் விட்டுச் செல்வது? அண்டை வீட்டாரிடம் ஒப்படைத்தால் உண்ணாமல் வாசலையே பார்த்துக் கிடக்கும். விட்டுப் பிரிந்த பிள்ளைகளுக்கும் போன இடத்தில் மகிழ்ச்சி இராது.

பிரித்தானிய நாட்டில் இதற்கு ஒரு வழி கண்டிருக்கின்றனர். கடலோர ஊர்களில் வீடுகளை வாடகைக்கு விடுவோருள் பலர், நாயோடு வரும் குடும்பங்களையும் ஏற்றுக்கொள்கின்றனர். சமையலறை, படுக்கையறைகள், பல வீடுகளில் வேலியடைத்த தோட்டம் என யாவும் அக்குடும்பத்தின் பொறுப்பில் விடப்படுகின்றன. எத்தனை நாய்கள் வரலாம், எந்த அறைக்குள் அவை நுழையக் கூடாது, தனிக் கட்டணம் உண்டா என்பனவற்றை முன்னரே கேட்டறிந்துகொள்வது நலம்.

வேல்ஸ் நாட்டின் தெற்கே, சுவான்சி நகரை அடுத்துள்ள கௌவர் தீபகற்பத்தை எடுத்துக்கொள்வோம். தனிச்சிறப்புடைய இயற்கை எழில் வாய்ந்த பகுதி என்று 1956ஆம் ஆண்டில் பிரித்தானியாவிலேயே முதன்முதலாக அறிவிக்கப்பட்ட இடம் இதுவே. இதன் மேற்கு முனையிலுள்ள ரொசிலி கடற்கரை ஏறத்தாழ 3 மைல் நீளமுள்ள மணற்பரப்பு. அங்கே ஆண்டு முழுவதும் நாய்களுக்கு அனுமதி உண்டு. ஆனால் அதே தீபகற்பத்தின் லாங்லண்டு, காஸ்வெல் கடற்கரைகளில் மே 1 முதல் செப்டம்பர் 30 வரை அவற்றுக்கு இடமில்லை. குழந்தைகள் மணலில் விளையாடும் காலமல்லவா அது? நாயை நேசிப்போருக்கு ஓர் இடம், அதைக் கண்டு அஞ்சுவோருக்கு ஓர் இடம் என்று பகிர்ந்துகொண்டிருப்பது நன்று.

கடற்கரையை விட்டு மேலேறினால் ஆடுகளும் குதிரைகளும் மேயும் புல்வெளிகள். அங்கே நாயைக் கயிற்றில் பிடித்தே நடத்த வேண்டும். வேளாண் நிலத்தில் கால்நடைகளைத் துரத்தி அலைக்கழிக்கும் நாயின் உரிமையாளர் குற்றவாளி என்று 1953ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. கடலில் ஆடிய நாய் உப்புநீரைக் குடிக்காதவாறு நல்ல தண்ணீரும் கையோடு கொண்டு செல்ல வேண்டும். வெளியே 22 பாகை வெப்பம் இருக்கையில், மூடிய காரினுள் ஒரு மணி நேரத்திற்குள் 47 பாகை வரை ஏறக்கூடும் என அந்நாட்டின் விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் எச்சரிக்கிறது. "ஐந்து நிமிடந்தானே" என்று காரில் அடைத்துவிட்டுக் கடைக்குப் போவது அன்பாகாது.

இதே சுவான்சியில், 1930களில் துறைமுகத்தருகே வாழ்ந்த ஜாக் என்னும் கறுப்பு நாய், நீரில் தத்தளித்தோர் பலரைக் கரைசேர்த்ததாகப் புகழ் பெற்றது. 1937இல் அது இறந்தபின் மக்கள் கடலோரச் சாலையில் அதற்கு நினைவுச் சின்னம் எழுப்பினர். தோபித்து நூலிலும் இளைஞர் தோபியா தொலைவழி புறப்பட்டபோது, வானதூதர் இரபேலோடு ஒரு நாயும் உடன் சென்றதாக நாம் வாசிக்கிறோம். மனிதனின் பயணத்தில் நாய்க்கும் பங்குண்டு என்பது பழைய செய்தியே.

எனினும், இங்கே நாம் நம்மையே ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும். வேலி உண்டா, தோட்டம் உண்டா என்று நாய்க்காக இத்தனை விசாரிக்கிறோம். மூட்டுவலியுள்ள பாட்டிக்குக் கீழ்த்தளத்தில் படுக்கையறை உண்டா, குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா, தாத்தா அமர்ந்து கடலைப் பார்க்க நாற்காலி இட வசதி உண்டா என்று எத்தனை பேர் விசாரிக்கிறோம்? "உங்களுக்கு அலைச்சல் வேண்டாம், வீட்டிலேயே இருங்கள்" என்று சொல்லி அவர்களைக் காவலுக்கு வைத்துவிட்டு, நாயை மட்டும் காரில் ஏற்றிச் சென்றால் அது குடும்ப விடுமுறை ஆகுமா?

நாயை விட்டுப் பிரிய மனமில்லாத நம் பிள்ளைகளின் அன்பு நல்ல அன்பே. அதைக் கடிந்து அடக்க வேண்டாம். அந்த அன்பு வீட்டிலுள்ள எல்லாரையும் சென்றடையுமாறு வழிகாட்டுவோம். அடுத்த விடுமுறைக்கு வீடு பார்க்கும்போது முதற்கேள்வியைப் பெரியவர்களுக்காகக் கேட்போம். அடுத்த கேள்வி நாய்க்காக இருக்கட்டும்.