ஏறும் படிக்கு விலை கொடுப்பவர் யார்?

 

அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் பயிலும் நம் பிள்ளையின் கட்டணச் சீட்டு வீட்டுக்கு வந்தால், நம்மில் பலர் மொத்தத் தொகையை மட்டுமே பார்க்கிறோம். பாடக் கட்டணத்துக்கும் விடுதிக் கட்டணத்துக்கும் அடுத்து, ‘மாணவர் கட்டணம்’ என்றொரு வரி இருக்கும். பல அரசுப் பல்கலைக்கழகங்களில் அதன் ஒரு பகுதி விளையாட்டுத் துறைக்குச் செல்கிறது. சிறிய பல்கலைக்கழகம் ஒன்று கால்பந்தில் உயர்ந்த தட்டுக்கு ஏற முனையும்போது அந்த வரிதான் முதலில் கனக்கத் தொடங்குகிறது.

அங்கே கால்பந்து என்பது நாம் அறிந்த பந்தாட்டம் அன்று. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடி, மோதி ஆடுவது அது. தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் 1978ஆம் ஆண்டு தன் முதற்பிரிவுக் கால்பந்தை மேல், கீழ் என இரு தட்டுகளாகப் பிரித்தது. மேல் தட்டில் பெரிய அரங்குகளும் தொலைக்காட்சிப் பணமும் புகழும் உண்டு. அங்கு ஏறுவதற்கான விண்ணப்பக் கட்டணம் நெடுங்காலம் 5,000 டாலராக இருந்தது. 2023 அக்டோபரில் அதை 50 லட்சம் டாலராகச் சங்கம் உயர்த்தியது. அத்துடன், விளையாட்டு உதவித்தொகைக்கு ஆண்டுதோறும் குறைந்தது 60 லட்சம் டாலர் செலவிட வேண்டும் என்றும் விதித்தது. பயிற்சியாளர் ஊதியம், பயணம், அரங்க விரிவாக்கம் ஆகியவை இதற்கு மேல் வருபவை. அப்படியும் 2025ஆம் ஆண்டில் டெலவேர், மிசௌரி ஸ்டேட் ஆகிய இரு பல்கலைக்கழகங்கள் மேல் தட்டில் கால் வைத்தன.

இந்த ஆசை எங்கிருந்து பிறக்கிறது? 2007ஆம் ஆண்டில், கீழ்த் தட்டிலிருந்த அப்பலாச்சியன் ஸ்டேட் என்னும் மலைநாட்டுப் பல்கலைக்கழகம், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பார்வையாளர் முன்னிலையில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தை 34–32 என்ற கணக்கில் வென்றது. அதுவரை அதன் பெயரையே கேட்டிராதவர்களும் ஒரே நாளில் அதை அறிந்துகொண்டனர். 2014இல் அது மேல் தட்டுக்குச் சென்றது. ஆட்டத்தால் விளம்பரம் கிடைக்கும், விண்ணப்பங்கள் பெருகும், பழைய மாணவர்கள் பாசத்தோடு திரும்பி வருவர், ஊரில் வணிகம் செழிக்கும் என நிர்வாகிகள் கூறுவதில் உண்மை இல்லாமல் இல்லை. ஏழை வீட்டு இளைஞர் பலருக்குப் பட்டப்படிப்பின் வாசலைத் திறந்ததும் இந்த ஆட்டமே. இவற்றை மறுப்பது நீதியாகாது.

விளையாட்டை மார்க்கம் வெறுக்கவும் இல்லை. நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடினார்கள், அம்பெய்தலை ஊக்குவித்தார்கள். அவர்களின் அள்பா என்னும் ஒட்டகத்தைப் பந்தயத்தில் எதுவும் முந்தியதில்லை. ஒருநாள் கிராமவாசி ஒருவர் தம் இளம் ஒட்டகத்தில் வந்து அதை முந்திவிட்டார். தோழர்கள் மனம் வருந்தினர். உலகில் உயரும் எதையும் அல்லாஹ் ஒருநாள் தாழ்த்துவான் என்பதை நபியவர்கள் அவர்களுக்கு உணர்த்தினார்கள். ஒட்டகம் தோற்றதை அவர்கள் ஒரு குறையாகக் கருதவில்லை.

ஆகவே ஆட்டத்தின் மீது நமக்குக் குறையில்லை. பிறர் பணத்தில் உயர்வு தேடுவதே நம் மனத்தை உறுத்துகிறது. தன் வருவாயைக் கொண்டே தன் செலவை ஈடுகட்டும் கல்லூரி விளையாட்டுத் துறைகள் அமெரிக்காவில் மிகச் சிலவே. சிறிய பல்கலைக்கழகங்களில் அந்தப் பள்ளத்தை நிரப்புவது பெரும்பாலும் மாணவர் கட்டணமும் பொது நிதியுமே. ஆய்வுக்கூடத்தில் இரவைக் கழிப்பவரும், மாலையில் கடையில் வேலை பார்த்துப் படிப்பவரும், அரங்கின் வாசலை ஒருநாளும் மிதிக்காதவரும் இதைச் செலுத்தியே ஆக வேண்டும். கையில் பணமில்லாதவர் கல்விக் கடனில் இதையும் சேர்த்தே வாங்குகிறார். பட்டம் பெற்றுப் பல ஆண்டுகள் கழிந்த பின்னும் அதற்கு வட்டி கட்டுகிறார். வட்டிக்கு அஞ்சிக் கடனை ஒதுக்கி, தந்தையின் சேமிப்பையும் தன் உழைப்பையும் நம்பிப் படிக்கும் முஸ்லிம் மாணவருக்கோ ஒவ்வொரு டாலரும் வியர்வை. அவரிடம் எவரும் மஷூரா கேட்கவில்லை.

வர்ஜீனியா மாநிலம் 2015ஆம் ஆண்டில் இதற்கொரு வரம்பு கட்டியது. மாணவர் கட்டணத்தையும் பல்கலைக்கழக நிதியையும் விளையாட்டுத் துறை எந்த அளவு சார்ந்திருக்கலாம் என்பதைச் சட்டமாக்கி, கீழ்த் தட்டுக்கு 70 விழுக்காடு, மேல் தட்டில் பெரிய கூட்டமைப்புகளைச் சேராதவற்றுக்கு 55 விழுக்காடு என்று நிர்ணயித்தது. உயரே செல்ல விரும்புகிறவர் மாணவர் தோளில் சாய்வதைக் குறைக்க வேண்டும் என்பதே இதன் பொருள். முஸ்லிம்கள் இயற்றிய சட்டம் அன்று இது. ஆயினும் அமானிதத்தின் மணம் இதில் வீசுகிறது.

இறங்கி வரவும் துணிவு வேண்டும். ஐடஹோ பல்கலைக்கழகம் 1996 முதல் மேல் தட்டில் ஆடியது. அதன் உள்ளரங்கில் 16,000 பேரே அமர முடியும். அது சார்ந்திருந்த கூட்டமைப்பு அதன் கால்பந்து உறுப்புரிமையைப் புதுப்பிக்க மறுத்தபோது, நிர்வாகம் தன் கொள்ளளவை எண்ணிப் பார்த்து, 2018இல் கீழ்த் தட்டுக்குத் தானே திரும்பியது. ரசிகர்கள் சினந்தனர், ஆனால் பல்கலைக்கழகம் மூழ்கிவிடவில்லை. கடனுக்கு மேல் கடன் வாங்கிக் கௌரவத்தைக் காப்பதைக் காட்டிலும் இது மேலானது என்றே நாம் கருதுகிறோம்.

இத்தகைய முடிவை எடுக்கும் நிர்வாகிகளிடம் நாம் வேண்டுவன நான்கு. கட்டணச் சீட்டில் விளையாட்டுக்குச் செல்லும் தொகையைத் தனி வரியாகக் காட்டுக. கட்டணத்தை உயர்த்துமுன் மாணவரிடம் வாக்குக் கேட்டு, அதற்குக் கட்டுப்படுக. ஆட்டத்தை நேசிப்பவரிடம் நன்கொடையாகப் பெற்று, நிதி கைக்கு வந்த பிறகே படியில் கால் வைக்குக. எத்தனை ஆண்டுகளில் நிதி தேறாவிடில் திரும்புவோம் என்பதை முன்னரே எழுதி வைக்குக.

பெற்றோராகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்குமுன் மாணவர் கட்டணம் எதற்கெல்லாம் செல்கிறது எனக் கேட்டு அறிவோம். பொருளை எவ்வழியில் ஈட்டினோம் என்பதோடு, எவ்வழியில் செலவழித்தோம் என்றும் மறுமையில் நாம் விசாரிக்கப்படுவோம். பிறர் பணம் நம் கையில் தங்கும்போது அந்தக் கேள்வி இன்னும் கடுமையாகும். பள்ளிவாசல் நிதியோ, பாடசாலை நிதியோ, பல்கலைக்கழக நிதியோ எதுவானாலும் பொறுப்பாளருக்கு அதே கேள்விதான்.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், பொறுப்பில் இருப்போருக்கு அமானிதம் பேணும் தவ்ஃபீக்கையும் அருள்வானாக! ஆமீன்.