"பரவாயில்லை" என்று சொல்லாதீர்கள்

ஏ.எல் ரிசல்ற் வந்த கையோட ஊருக்குள்ள ஒரே கேள்விதான் சுத்தும்: "கம்பஸ் கிடைக்குமோ?" கிடைக்கும் என்றால் கோயில்ல அர்ச்சனை, பள்ளிக்கூட வாசல்ல பனர், முகப்புத்தகத்தில் வாழ்த்து. கிடைக்காவிட்டால் அடுத்த கேள்வி: "அப்ப என்ன செய்யப் போறாய்?" அதற்கு ஒரு பிள்ளை "ரெக்னிக்கல் கொலிஜ் போறன்" என்றோ "எச்.என்.டி.ஏ செய்யப் போறன்" என்றோ சொன்னால், கேட்ட ஆள் ஒரு செக்கன் யோசிச்சுப்போட்டு "ம்ம்... பரவாயில்லை" என்பார்.

அந்தப் "பரவாயில்லை" எவ்வளவு சேதம் செய்கிறது என்பதைத்தான் நான் சொல்ல வருகிறேன்.

முதலில் கணக்கைப் பாருங்கள். பல்கலைக்கழகம் போகத் தகுதி பெறுகிறவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குத்தான் அரச பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கிறது. மற்ற மூன்று பேரும் பெயில் இல்லை. சோதினை பாஸ், ஆனால் கதிரை போதவில்லை. கதிரை போதாதது அரசாங்கத்தின் பிரச்சினை. அதை நாங்கள் பிள்ளையின் தோல்வியாக மாற்றி, வீட்டுக்குள்ள கொண்டுவந்து வைத்திருக்கிறோம்.

அந்த மூன்று பேருக்கும் அரச செலவில் நடக்கிற இடங்கள் இல்லாமல் இல்லை. தொழினுட்பக் கல்லூரிகள் இருக்கு. 1995 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த உயர் தொழினுட்பவியல் நிறுவகங்கள் இருக்கு. கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016 இல் திறக்கப்பட்ட, எல்லோரும் 'ஜேர்மன் ரெக்' என்று சொல்கிற பயிற்சி நிலையம் இருக்கு. அதே அறிவியல் நகரில்தான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் இருக்கின்றன. ஒரே பஸ்ஸில் வந்து ஒரே இடத்தில் இறங்கும் இரண்டு பிள்ளைகளில் ஒன்றுக்கு வாழ்த்துச் சொல்கிறோம், மற்றதுக்கு ஆறுதல் சொல்கிறோம்.

என்ர சித்தியின்ட மகளுக்கு ஊர் ஒட்டுசுட்டானுக்கு அங்கால. கொமர்ஸ் படித்தவள். இசட் ஸ்கோர் கொஞ்சத்தில் தவறிப்போனது. இப்ப ஒரு அரச நிறுவகத்தில் கணக்கியல் உயர் தேசிய டிப்ளோமா படிக்கிறாள். விடிய நாலரைக்கு எழும்பி, முதல் பஸ் பிடித்து, மாங்குளத்தில் இறங்கி அடுத்த பஸ் ஏற வேண்டும். முதல் பஸ் வராவிட்டால் அன்றைக்குப் பாதி விரிவுரை போய்விடும். பின்னேரம் கடைசி பஸ்ஸுக்காக எப்பவும் பத்து நிமிசம் முந்தியே வகுப்பை விட்டு எழும்ப வேண்டும். நாட்டின் கல்வி நெருக்கடி பற்றி எத்தனையோ கருத்தரங்கு நடக்கிறது. அவளுடைய நெருக்கடி அந்த ஒரு பஸ்தான்.

ஆனால் வீட்டிலிருந்து போய் வருவதால் இன்னொன்றும் நடக்கிறது. பக்கத்து வீட்டு அன்ரி மைக்ரோ பினான்ஸ் கடன் புத்தகத்தோட அவளிட்ட வருவா. கிழமைக்குக் கிழமை கட்டுகிற காசை வருசக் கணக்குக்கு மாற்றி, "அன்ரி, நீங்கள் உண்மையில கட்டுற வட்டி இவ்வளவு" என்று கொப்பியில் எழுதிக் காட்டியது அவள்தான். வன்னியில் இந்தக் கடன் எத்தனை பெண்களின் நித்திரையைக் கெடுத்தது என்று தெரிந்தவர்களுக்கு அந்தக் கொப்பியின் பெறுமதி விளங்கும். மாதர் சங்கக் கணக்கையும் இப்ப அவள்தான் பார்க்கிறாள்.

நாங்கள் கம்பஸில் 'சமூகத்துக்குத் திருப்பிக் கொடுத்தல்' என்று கட்டுரை எழுதுகிறோம். அவள் ஊரை விட்டுப் போகாததால், எதையும் திருப்பிக் கொண்டுவர வேண்டிய தேவை அவளுக்கு இல்லை.

இந்த நிறுவகங்கள் எல்லாம் திறம் என்று நான் சொல்லவில்லை. ஏ.எல் வரைக்கும் தமிழில் படித்த பிள்ளை முதல் நாளே ஆங்கிலத்தில் கணக்கியல் படிக்க வேண்டியிருக்கு. "அங்க போனாலும் வேலை கிடைக்குமோ?" என்று பெற்றோர் கேட்பதும் நியாயம்தான். ஆனால் அந்தக் கேள்வியைக் கலைப்பீடத்தில் படிக்கிற எங்களிடமும் கேளுங்கள். 2017 இல் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் வீதியோரத்தில் கொட்டகை போட்டு இருந்தார்கள். பனர் கட்டி அனுப்பிய அதே பிள்ளைகள்தான் அவர்கள். பட்டம் என்றால் வேலை, டிப்ளோமா என்றால் ஆறுதல் பரிசு என்ற கணக்கு எப்பவோ பிழைத்துவிட்டது.

மதிப்பு இல்லை என்பது வெறும் மனக்கவலை இல்லை, அதற்கு விலை இருக்கு. 2015 ஒக்ரோபர் 29 அன்று, தங்கட டிப்ளோமாவைப் பட்டத்துக்குச் சமனாக ஏற்றுக்கொள்ளச் சொல்லி எச்.என்.டி.ஏ மாணவர்கள் கொழும்பில் ஊர்வலம் போனார்கள். பொலிஸ் அடித்துக் கலைத்தது. அவர்கள் புதுக்கட்டிடம் கேட்கவில்லை. நாலு வருசம் படித்த படிப்புக்கு ஒரு பெறுமதி சொல்லுங்கள் என்றுதான் கேட்டார்கள். ஊர் "பரவாயில்லை" என்று சொல்வதற்கும் அரசாங்கம் அந்தப் பிள்ளைகளைப் பொல்லால் அடிப்பதற்கும் தொடர்பு இருக்கு. எங்களுக்கே மதிப்பில்லாத ஒன்றை அரசாங்கம் கவனிக்காமல் விட்டால் யார் கேட்கப் போகிறார்கள்?

அமெரிக்காவில் 'கம்யூனிற்றி கொலிஜ்' என்று இருக்கு. 1901 இல் இலினோய் மாநிலத்தின் ஜோலியற் என்ற ஊரில் தொடங்கிய முறை. ஊருக்குக் கிட்ட, குறைந்த செலவில் இரண்டு வருசம் படித்துவிட்டு, பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருசத்துக்குப் போய்ச் சேரலாம். அங்கேயும் அதைக் கேலி செய்கிற ஆட்கள் இருக்கினம். மாறும்போது சில பாடங்கள் கணக்கில் எடுபடாமல் போவதும் உண்டு. ஆனாலும் அடுத்த படிக்கு ஒரு வழி இருக்கு என்று சேரும்போதே பிள்ளைக்குத் தெரியும்.

எங்களிடமும் கடதாசியில் அப்படியொரு ஏணி இருக்கு. என்.வி.கியூ முறையில் ஏழு படி, ஏழாவது படி பட்டம். அதற்கென்று 2008 ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவாக்கிய தொழினுட்பவியல் பல்கலைக்கழகம் இரத்மலானையில் இருக்கு. துணுக்காயில் நாலாவது படியில் நிற்கிற பிள்ளைக்கு இரத்மலானை எவ்வளவு தூரம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அதனால் கேட்க வேண்டியதைக் கேட்போம். வகுப்பு நேரத்துக்கு ஏற்ற மாதிரி ஒரு காலை பஸ், ஒரு பின்னேர பஸ். தூரத்துப் பிள்ளைகளுக்கு, முக்கியமாகப் பெண் பிள்ளைகளுக்கு, பயமில்லாமல் தங்க ஒரு விடுதி. வகுப்புத் தொடங்க முதல் ஆறு மாதம் ஒழுங்கான ஆங்கிலம். டிப்ளோமா முடித்தவர் பல்கலைக்கழகத்தில் இடையில் வந்து சேர வடக்கு, கிழக்குப் பல்கலைக்கழகங்களில் ஒரு வழி. இதில் எதுவும் சந்திரனுக்கு ரொக்கற் விடுகிற வேலை இல்லை.

கம்பஸ் மாணவர் ஒன்றியங்கள் எத்தனையோ விசயத்துக்குப் பதாகை பிடிக்கின்றன. இந்தப் பிள்ளைகளுக்காக ஒரு பதாகை பிடித்ததை நான் இன்னும் காணவில்லை. அவர்கள் எங்கட வகுப்பில் எங்களோட பக்கத்துக் கதிரையில் இருந்து படித்த ஆட்கள். அவர்களுக்கும் எங்களுக்கும் இடையில் இருந்தது சில தசமப் புள்ளிகள் மட்டும்தான்.

அடுத்த முறை ரிசல்ற் வரும்போது யாராவது "எச்.என்.டி.ஏ போறன்" என்று சொன்னால், "எந்த கோஸ்? எத்தனை மணிக்கு பஸ்?" என்று கேளுங்கள். பஸ் இல்லை என்றால், அவளோட சேர்ந்து டிப்போவுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.