பார்டர் புரோட்டா தெரியும்... அது எந்த பார்டர்னு தெரியுமா?

குற்றால சீசனுக்குப் போறவங்க அருவியில குளிச்ச கையோட பிரானூர் பார்டருக்கு வண்டியை விடாம திரும்புறதில்லை. புரோட்டா, நாட்டுக்கோழி, ஒரு ரீல்ஸ்... எல்லாம் சரிதான். ஆனா, இன்னைக்குக் கேரள எல்லை செங்கோட்டையையும் தாண்டி, புளியரைக்கு அப்பால இருக்கு. அப்புறம் இது எந்த பார்டர்?

1956 அக்டோபர் 31 வரைக்கும் செங்கோட்டை, திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம். சுரண்டையும் தென்காசியும் சென்னை மாநிலம். ரெண்டுக்கும் நடுவுல இருந்த கோடுதான் பிரானூர். மொழிவாரி மாநிலங்கள் பிறந்த நவம்பர் 1 அன்று, செங்கோட்டை தாலுகாவின் பெரும்பகுதியும் கன்னியாகுமரியின் நாலு தாலுகாக்களும் நம்ம பக்கம் வந்தன. தேவிகுளம், பீர்மேடு வரலை. இதுக்காக நடந்த போராட்டத்துல துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்களும் போயிருக்கு. எல்லை மேற்கே நகர்ந்தாலும், பேர் மட்டும் கடைப் பலகையில தங்கிடுச்சு.

ஆக, நவம்பர் 1-க்கு மத்த ஊர்களைவிட நம்ம ஊர்ப்பக்கம் உரிமை ஜாஸ்தி. 2019-ல் அதையே 'தமிழ்நாடு நாள்' ஆக்கினாங்க. 2021-ல் ஆட்சி மாறினதும் தேதியும் மாறிடுச்சு. 1967-ல் அண்ணா முதல்வரா இருந்தப்போ 'தமிழ்நாடு'ன்னு பேர் வைக்கச் சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேறிய ஜூலை 18 வந்தது. அதுக்கும் காரணம் இருக்கு. அந்தப் பேருக்காக 1956-லேயே விருதுநகர்ல 76 நாள் உண்ணாவிரதம் இருந்து உயிரை விட்டவர் சங்கரலிங்கனார். இதுல ஒரு வேடிக்கை, தென்காசி தனி மாவட்டம் ஆகும்னு சட்டமன்றத்தில் அறிவிச்சதும் ஒரு ஜூலை 18-தான், 2019-ல்.

தேதிச் சண்டையை விடுங்க. இந்த ரெண்டு நாள்ல எதையாவது நீங்க கொண்டாடியிருக்கீங்களா? பள்ளிக்கூடத்துல கட்டுரைப் போட்டி, பேச்சுப் போட்டின்னு ஏதோ காதுல விழுந்திருக்கும். அவ்வளவுதானே?

சுவிட்சர்லாந்துக்குப் பக்கத்துல லீக்டன்ஸ்டைன்னு ஒரு குட்டி மன்னராட்சி நாடு. மக்கள் தொகை சுமார் 40,000. சுரண்டையையும் சுத்துப்பட்டுக் கிராமங்களையும் சேர்த்தா ஒரு நாடு ஆயிடும்! நம்ம சுதந்திர தினமான ஆகஸ்ட் 15-தான் அவங்களுக்கும் தேசிய தினம். 1940-ல் அந்தத் தேதியை எடுத்த காரணம் ரொம்ப சிம்பிள். ஏற்கெனவே மாதா திருநாள் லீவு, மறுநாள் இளவரசர் பிறந்தநாள். அந்த இளவரசர் 1989-ல் இறந்த பிறகும் தேதியை யாரும் மாத்தலை. வாடூஸ் கோட்டைக்குப் பக்கத்துப் புல்வெளியில இளவரசர் குடும்பத்து ஆளும் நாடாளுமன்றத் தலைவரும் பேசுவாங்க. சாயங்காலம் ஊர்த் தெருக்கள்ல தீனிக் கடை, பாட்டுன்னு திருவிழா, ராத்திரி கோட்டைக்கு மேல வாணவேடிக்கை.

மன்னராட்சியை மெச்சிக்க இதைச் சொல்லலை. ஜனங்க சும்மா இருக்குற நாளாப் பார்த்து, அவங்க வந்து நிக்கிற இடத்துல விழாவை வைக்கிறாங்க பாருங்க, அதுதான் விஷயம். நம்மகிட்ட அந்த இடம் ரெடியாவே இருக்கு. ஜூலை 18 குற்றாலத்துல உச்ச சீசன். மழையும் விதைப்பும் ஒத்துவந்தா, சுரண்டைக்குப் பக்கத்து சுந்தரபாண்டியபுரத்துல சூரியகாந்தி பூக்க ஆரம்பிக்கிறதும் அந்த வாரங்கள்லதான். அதைப் பார்க்கக் கேரளாவுல இருந்து கார் கார் ஆ வர்றாங்க. சுற்றுலாத் துறை நடத்துற சாரல் விழாவையும் தமிழ்நாடு நாளையும் ஒண்ணா வெச்சு, சுரண்டையில இருந்து அன்னைக்கு ஒருநாள் குற்றாலத்துக்கு பஸ்ஸை ஃப்ரீயா விட்டா, பேச்சுப் போட்டிக்கு வராத கூட்டம் தானா வரும்.

நவம்பர் 1-ஐயும் ஃபைலுக்குள்ள போட்டு மூட வேண்டாம். அன்னைக்கு மலையேறி ஆரியங்காவு பக்கம் போனா அங்க கேரளப் பிறவி, பசங்க கசவு உடுத்தி ஸ்கூலுக்குப் போவாங்க. இந்தப் பக்கம் பிரானூர்ல, இதுதான் பழைய எல்லைன்னு ஒரு பலகை வைக்கலாம். புரோட்டாவுக்குக் காத்திருக்குற நேரத்துல படிச்சிடலாமே!